உள்ளறையில் கேட்ட இரைச்சல்

என் மனைவிக்குப் பாம்புக் காது. பாம்புக் காது இருந்தது என்று எழுத வேண்டும், இன்னும் பழக்கமாகவில்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, திரும்பாமல், கடைசி பெஞ்சில் மிட்டாய்க் காகிதம் பிரிப்பவளைப் பேர் சொல்லி எழுப்பி நிற்க வைப்பாளாம். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடும்போது சத்தம் லேசாக மாறியதும் "தொட்டி ரொம்பிடுச்சு, நிறுத்துங்க" என்பாள். எனக்கு எந்த மாற்றமும் தெரியாது. சந்தேகப்பட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் விளிம்பில் நிற்கும்.

நான் தொலைபேசி இலாகாவில் இருந்தவன். லைனில் இரைச்சல் என்று புகார் வந்தால் கம்பம் கம்பமாக, பெட்டி பெட்டியாகப் போய் அது எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஈரம் ஏறிய ஜாயிண்ட், எலி கடித்த கேபிள், எர்த் விட்டுப்போன பெட்டி. முப்பது வருடம் இதையே செய்ததில் ஒன்று மண்டையில் ஆணி அடித்தாற்போல் பதிந்துபோனது. இரைச்சல் என்றால் அது கம்பியில்தான் இருக்கும். அந்த மண்டைதான் என் குடியைக் கெடுத்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சினிமா உண்டு. நான் தி.நகர் ஆபீஸிலிருந்தும் அவள் மயிலாப்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து தியேட்டர் வாசலில் சந்திப்போம். படம் மொக்கையாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. நான் படம் பார்க்கப் போவேன், அவள் படம் கேட்கப் போவாள். "அந்த சீன்ல மழை நமக்குப் பின்னாடி பெஞ்சுது, கவனிச்சீங்களா?" என்று வீடு வந்து சேரும்வரை அதையே பேசிக்கொண்டு வருவாள். நான் கவனித்திருக்க மாட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டிவைப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அவள் ஓய்வு பெற்ற மறுவருடமே, கர்ப்பப்பை வாயில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் குடியிருப்பது அடையாறு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர்கள் பேரம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆறு வாரம் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட் வைப்பார்கள், ஒரு நாள் மருந்து ஏற்றுவார்கள். நல்ல கட்டத்தில் வந்துவிட்டீர்கள், குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா.

அவள் எடை பார்க்க வெளியே போயிருந்த நேரத்தில் டாக்டர் என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன், எழுதிக்கொண்டேன். "கூட்டத்துல போக வேணாம் சார். தண்ணி நிறைய குடிக்கணும். ஜுரம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. அப்புறம் முக்கியமா, காதுல ஏதாவது சத்தம் கேக்குது, ரீங்காரம் மாதிரி இருக்குன்னு சொன்னாங்கன்னா, அடுத்த ஊசிக்கு முன்னாடியே எங்ககிட்ட சொல்லிடுங்க. மருந்த மாத்திக்கலாம். விட்டுட்டா, போன காது திரும்பி வராது." நான் அதையும் எழுதினேன். முக்கியமா என்ற சொல்லையும் சேர்த்தே எழுதினேன்.

அவள் திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டாள். தண்ணீர், ஜுரம், கூட்டம் என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் போகக் கூடாது என்றதுமே அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப சினிமா?" என்றாள். புற்று என்று சொன்னபோதுகூட அப்படி ஒடுங்காதவள். எனக்குத் தாங்கவில்லை. "நீ எதுக்கு தியேட்டருக்குப் போகணும்? தியேட்டர நான் வீட்டுக்குக் கொண்டு வரேன்" என்றேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எந்த அறை, எத்தனை ஸ்பீக்கர் என்று பேச ஆரம்பித்துவிட்டோம். காதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. அப்படியே மறந்துபோனேன்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இருந்தது. தி.நகரில் ஒரு கடையில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒரு நடிகை பேசும் படக் காட்சியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போட்டுக் காட்டினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து வாட்ஸ், இன்ச் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். "இதுல 'ஸ' எல்லாம் சீறுது. வேற போடுங்க" என்றாள். அடுத்ததைப் போட்டார். "இது யாரோ தலகாணி பின்னாடி நின்னு பேசற மாதிரி இருக்கு." நான்காவது ஜோடிக்குத்தான் கண்ணைத் திறந்தாள். "இதுல அந்தம்மா மூச்சு விடறது கேக்குது. இதுவே இருக்கட்டும்" என்றாள். கடைக்காரர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தார். எனக்கு அவ்வளவு பெருமை.

உள்ளறையைக் காலி செய்தோம். ஜன்னலுக்குத் தடித்த திரை, சுவரில் துணி சுற்றிய பஞ்சுப் பலகைகள், மூலையில் சப்-ஊஃபர், பக்கவாட்டிலும் பின்னாலும் ஸ்பீக்கர்கள், கூரையில் ப்ரொஜெக்டர். படம் நன்றாகத் தெரிய சுவருக்குக் கறுப்பு அடிக்க வேண்டும் என்றேன். நோயாளி இருக்கிற வீட்டில் கறுப்பா என்று பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில், கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அளவு மஞ்சள் அடித்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் அடர்சாம்பல் அடித்தார். அவள் அந்த மஞ்சள் சதுரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் எல்லாம் தயாரானது. படம் போடுவதற்கு முன்னால், அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்து ஆம்ப்ளிஃபையரை மட்டும் போட்டேன். எந்தச் சத்தமும் இல்லாமல் இருக்க வேண்டும். அவள் தலையைச் சாய்த்தாள்.

"ஏதோ இரைச்சல் இருக்குங்க."

"எங்க?"

"தெரியல. சன்னமா, ஊய்னு."

நான் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்பது எங்கள் வீட்டில் அதிசயமா? முப்பது வருடமாக அதுதானே நடக்கிறது. "உன் காதுக்கு எதுவும் தப்பாதுடி" என்று பாராட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

சனியன் பிடித்த பத்து நாட்கள் அவை. வயரையெல்லாம் உருவினேன். ரிச்சி தெருவுக்கு மூன்று தரம் போய் வேறு வேறு கேபிள் வாங்கி வந்தேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், இன்வெர்ட்டரைக் கழற்றினேன், மின்விசிறி ரெகுலேட்டரை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். கரண்ட் வைத்துவிட்டு வந்து துவண்டு கிடப்பவளை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைப்பேன். இன்னும் இருக்கிறது என்பாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன்: 'வலது பின் ஸ்பீக்கர் கழற்றியும் இருக்கிறது.' 'ஆம்ப் அணைத்தும் இருக்கிறது.' ஆம்ப்பை அணைத்த பிறகும் இருக்கிறது என்று எழுதிய மனிதன், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டினேன்.

"பரவால்லங்க, படத்தப் போடுங்க. இரைச்சலோடயே பாத்துக்கறேன்" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். முதல் படம் குறையோடு ஓடக் கூடாது என்று பிடித்த பிடியில் நின்றேன். அந்தப் பத்து நாளும் அவளுக்குப் பேச்சு நன்றாகக் கேட்டது. அன்றைக்குப் படம் போட்டிருந்தால், கடையில் கேட்ட மாதிரி, பேசுகிறவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டிருக்கும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு எர்த் சரியில்லை என்று முடிவுக்கு வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கொட்டிவாக்கத்துக்காரர், இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். குடியிருப்புக்குப் பின்புறம் தனியாகக் குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினோம். நான் நின்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மேலே எங்கள் பாத்ரூம் ஜன்னலிலிருந்து அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. இதோ, இந்த ஒரு குடத்தை ஊற்றிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். இரண்டு குடம் ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

புது எர்த்தை இணைத்த பிறகு அவளை உட்கார வைத்துக் கேட்டோம். கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எலக்ட்ரீஷியன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"சார், ஒன்னு சொன்னா கோச்சுக்கமாட்டியே."

"சொல்லு."

"எர்த்து சூப்பரா கீது. ஒயரு எல்லாம் புச்சு. எனுக்கு ஒன்னும் கேக்கல, உனுக்கும் கேக்கல. அக்காவுக்கு மட்டும் கேக்குதுன்னா, கோளாறு ஒயர்ல இல்ல சார். எங்க சித்தப்பா போட்ல இன்ஜின் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தவரு. அவுரும் இப்டித்தான், காதுக்குள்ளயே ஊய்னு கத்திக்கினு கீதும்பாரு. அக்காவ ஒரு தபா டாக்டராண்ட காட்டு சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முப்பது வருடம் இரைச்சலையே தேடித் தின்றவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று. அதைவிட, அவளுடைய உடம்பில் இன்னும் ஒரு இடத்தில் கோளாறு என்று ஒருவர் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. "அவ காது என்னன்னு எனக்குத் தெரியும். உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ" என்றேன். அவர் கை கழுவிக்கொண்டு, கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூப்பிட எனக்கும் முகம் இல்லை.

அப்போது இன்னும் மூன்று ஊசி பாக்கி இருந்தது. அந்த மூன்றையும் நானே ஆட்டோவில் கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, துளித்துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் என்னிடம் கேட்டார்: "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா சார்?" வாந்தி இருக்கிறது, சோர்வு இருக்கிறது என்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவள் படுக்கையிலிருந்தபடியே "அந்த ரூம் இரைச்சல் சரியாச்சா?" என்று என்னைக் கேட்டாள். நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார்ந்து படம் பார்க்கத் தெம்பில்லை, உள்ளறை பூட்டியே கிடந்தது. சிகிச்சை முடிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே இளநீர் குடித்தோம். இன்றைக்குப் படம் போட்டுவிட வேண்டியதுதான், இரைச்சல் இருந்தால் இருக்கட்டும் என்று மதியமே உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்களைக் கடைசியாக ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இடது பக்கத்துல மேல இருக்கற சின்ன ஸ்பீக்கர் ஓடல" என்றாள். போய்க் காதை வைத்தேன், ஓடியது. "அப்ப வலதும் ஓடல." அதுவும் ஓடியது. பின்பக்கம் இரண்டும் ஓடவில்லை என்றாள். எல்லாம் ஓடின.

ஒரு சோதனைச் சத்தம் உண்டு. அடித்தொண்டை முனகலாக ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறி விசிலாகி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதைப் போட்டு, "கேக்கறவரைக்கும் விரல தூக்கி வெச்சுக்கோ" என்றேன். அவள் கண்ணை மூடி, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையாக ஒரு விரலை உயர்த்தினாள். சத்தம் ஏறியது. மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் விரலை மடக்கிக்கொண்டாள். சத்தம் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. அறை முழுக்க விசில். என் மந்தமான காதே கூசியது. அவள் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றாள்.

மறுவாரம் காது பரிசோதனை செய்து அந்தத் தாளை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் முகக்கவசம் போட்டிருந்தார். தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "காதுல சத்தம் கேக்குதுன்னு எப்ப சொல்ல ஆரம்பிச்சாங்க?"

"ரெண்டாவது ஊசிக்கு அப்புறம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தீங்கன்னா மாத்தியிருப்போமே சார். நான் உங்ககிட்ட சொன்னேனே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கவசத்துக்குப் பின்னாலிருந்து வந்த பேச்சு அவளுக்குச் சத்தமாகக் கேட்டதே தவிரச் சொல்லாகப் புரியவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று என் முழங்கையைத் தொட்டாள்.

நான் அவள் பக்கம் திரும்பி, வாயசைவு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "மருந்தோட வேலையாம். யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு சொல்ல முடியாதாம்."

டாக்டர் நான் சொன்னதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு காது மெஷினுக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

நோட்டுப் புத்தகம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் டாக்டர் சொன்னது. 'முக்கியமா' என்று அடிக்கோடு. நான்கு பக்கம் தள்ளி, 'ஆம்ப் அணைத்தும் இருக்கிறது.' இரண்டும் ஒரே பேனா. கிழித்துப் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். கிழித்தால் தப்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, வைத்துவிடுகிறேன்.

முதல் படம் ஒருவழியாக ஓடியது. காது மெஷின் மாட்டிக்கொண்டு பாதி வரை உட்கார்ந்திருந்தாள். "சத்தம் பெருசாத்தான் இருக்கு. பேச்சுதான் கஞ்சி மாதிரி குழைஞ்சு வருது" என்றாள். படத்துக்குக் கீழே எழுத்துப் போட்டேன். எழுத்தைப் படித்தால் மழை எங்கே பெய்கிறது என்று கேட்க முடியவில்லை என்று எழுந்து போய்விட்டாள். திரையில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்ததை நான் ஒருத்தனாக உட்கார்ந்து முடிவுவரை பார்த்தேன். சொல்லப்போனால் அபாரமான ஒலி. அவள் தேர்ந்தெடுத்தது அல்லவா.

இரைச்சல் மட்டும் அவளை விடவில்லை. பகலும் இரவும் ஊய் என்று இருக்கிறதாம். தூக்கம் போயிற்று. மோட்டார் போட்டால் தொட்டி வழிந்து சன்ஷேடில் கொட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. போன மாதம் ஒரு நாள் மதியம், ஸ்பீக்கர்களின் அளவைச் சரிசெய்வதற்கென்று இருக்கும் ஒரு சத்தத்தை, ஷ்ஷ் என்று மழை பெய்வது போன்ற வெறும் இரைச்சலை, எல்லா ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். நாற்காலியில் சாய்ந்தாள். சற்று நேரம் கழித்து, "அது கொஞ்சம் மங்கிடுச்சுங்க" என்றாள். அப்படியே தூங்கிவிட்டாள். மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

இப்போது தினம் மதியம் அதுதான் நடக்கிறது. இருட்டாக்கிய அறை, அணைந்த திரை, ஏழு ஸ்பீக்கரிலும் அந்த இரைச்சல். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என்றைக்காவது ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். அவள் கண்ணை மூடியிருப்பாள். சொன்னாலும் இந்தச் சத்தத்தில் கேட்காது. கேட்காது என்ற தைரியத்தில் ஒரு நாள் முழுக்கச் சொல்லியும் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பதை, எலக்ட்ரீஷியன் சொன்னதை, டாக்டர் சொன்னதை. அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

நேற்று தூங்குவதற்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன்.

"அன்னிக்கு இந்த ரூம்லதான் இரைச்சல்னு நெனச்சு உங்கள பாடாப் படுத்திட்டேன் இல்ல? எவ்ளோ ஒயர மாத்துனீங்க. குழியெல்லாம் தோண்டினீங்க. என் காதுலதான் இருந்துருக்கு, எனக்கே தெரியல. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

பரவாயில்லை என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காதருகே குனிந்து, உரக்க, இன்னொரு தரம் பரவாயில்லை என்றேன்.